காலை 11 மணிக்கு 203

என் வீட்டு இணைய இணைப்பு 200 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 200 மெகாபிட் வேகம். போன மாதம் ஃபைபர் கம்பெனித் தம்பி வந்தார். காலை 11 மணி. ரவுட்டர் பக்கத்திலேயே நின்று போனில் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டி, "பாருங்க சார், 203 வருது" என்றார். ஸ்கிரீன்ஷாட் எடுத்தார், ஓடிபி கேட்டார், புகாரை முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நான் கொடுத்த புகாரோ, ராத்திரி 9 மணி ஆபீஸ் மீட்டிங்கில் என் முகம் உறைந்து நிற்கிறது என்று.

அவர்மேல் தப்பில்லை, ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏறி இறங்குவார். ஆனால் அந்த 203 எதை அளந்தது? ஸ்பீட் டெஸ்ட் பக்கத்து சர்வரைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட சர்வர்கள் பலவற்றை இணைய நிறுவனங்களே வைத்திருக்கின்றன. வீட்டிலிருந்து அவர்கள் வாசல்வரை ரோடு காலி, அவ்வளவுதான் சேதி. வாசலைத் தாண்டினால் ராத்திரி எவ்வளவு நெரிசல் என்று அதில் தெரியாது.

சரி, நாமே அளப்போம் என்று உட்கார்ந்தேன். முதலில் அசடு வழிந்தது நான்தான். வைஃபை வேண்டாமென்று லேப்டாப்பில் கேபிளைச் செருகினால் 94, 93, 94, 94. கம்பெனியைத் திட்டப் போனைக்கூட எடுத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: நெரிசலாக இருந்தால் எண் ஏறி இறங்கும், இப்படி ஆணி அடித்த மாதிரி நிற்காது. பழைய கேபிள். ஜிகாபிட் (1,000 எம்பிபிஎஸ்) ஓட உள்ளே இருக்கும் 8 கம்பியும் வேண்டும். ஒன்று போனாலும் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடலாம், அப்போது கைக்கு வருவது 94தான். புதுக் கேபிள் போட்டதும் 200.

அதன்பிறகு 5 நாள் நோட்டில் குறித்தேன். ராத்திரி 9 மணிக்குக் கம்பெனியின் சொந்த சர்வரில் 196. அதே நேரம் சிங்கப்பூர் சர்வரில் 31. காலையில் அதே சிங்கப்பூர் 170.

ஜெர்மனியில் இந்த நோட்டுக்கு மதிப்பு உண்டு. 2021 டிசம்பரிலிருந்து அங்கே சட்டம். தொலைத்தொடர்பு ஆணையமே மென்பொருள் தருகிறது. கேபிளில் இணைத்து 3 நாளில் 30 முறை அளக்க வேண்டும். சொன்ன வேகம் வரவில்லை என்று நிரூபணமானால் கட்டணத்தைக் குறைக்கலாம், ஒப்பந்தத்தையே முறிக்கலாம்.

நம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016இலேயே வேகத்தை அளக்க மைஸ்பீட் செயலி விட்டது. 2023இல் மத்திய தொலைத்தொடர்புத் துறை, பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்ச வேகத்தை 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து (சுமார் அரை எம்பிபிஎஸ்) 2 எம்பிபிஎஸ் ஆக்கியது. என் இணைப்பு 200, பிராட்பேண்ட் என்ற பெயருக்கான வரம்பு 2. நடுவில் இருக்கிற 198க்கு யாரிடம் போய்க் கேட்பது? பெட்ரோல் பங்கில் சந்தேகம் வந்தால் முத்திரை போட்ட 5 லிட்டர் குவளையில் ஊற்றிக் காட்டச் சொல்ல உரிமை இருக்கிறது. மாதாமாதம் காசு கட்டும் இணையத்துக்கு அப்படி ஒரு குவளை வேண்டும், அது கடைக்காரருடையதாக இருக்கக் கூடாது.

நோட்டைப் படம்பிடித்து மறுபடியும் புகார் கொடுத்தேன். 'ராத்திரி 9 மணிக்கு மட்டும்தான் பிரச்சினை' என்று தெளிவாக எழுதினேன். மறுநாள் காலை 10.40க்கு போன் வந்தது.

"சார், வீட்லதான இருக்கீங்க? டெஸ்ட் பண்ண வரலாமா?"