யுவ புரஸ்கார் கதைப்போட்டி இல்ல

அண்ணா, சாகித்ய அகாடமி இளம் எழுத்தாளர்களுக்குக் குடுக்கற யுவ புரஸ்கார் விருதுக்கு 40 வயசு வரைக்கும் கதை அனுப்பலாம், பரிசு 1 லட்சம்னு போட்டிருக்கீங்க, அது தப்புங்க. விருது வருஷம் ஜனவரி 1 அன்னைக்கு 35 தாண்டியிருக்கக் கூடாது, பரிசு 50,000 ரூபா, கூட ஒரு செப்புப் பட்டயம். 1 லட்சம் அந்தப் பெரிய சாகித்ய அகாடமி விருதுக்கு. முக்கியமா இது போட்டியே இல்ல, அச்சாகி வந்த புத்தகத்துக்குத்தான் குடுக்கறாங்க. எங்க டெல்லி ஆர்.கே.புரத்துல ஒரு பொண்ணு நீங்க சொன்னத நம்பி, நோட்டுல எழுதுன பதினோரு கதையயும் டைப் பண்ணி ஸ்பைரல் போட்டு அகாடமி ஆபீஸ் இருக்கற மண்டி ஹவுஸ் ரவீந்திர பவனுக்கே கெளம்பிட்டா, நான் சொன்னதும் அவ மொகம் வாடிப்போச்சு, பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. டெல்லில இருந்தாலும் தமிழ்ல புத்தகம் வந்தா போதும், மொழிதான் கணக்கு, ஊரு இல்ல. தயவுசெஞ்சு மாத்திடுங்கண்ணா.