எலக்ட்ரானிக் கிட் போட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் தேய்மானம் தீர்ந்துவிடுமா?

பழைய செவ்ரோலே பிக்கப் டிரக் வைத்திருப்பவர்களிடையே ஒரு குறிப்பு சுற்றி வருகிறது: தீப்பொறிக்கான மின்சாரத்தை ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில், மின்சுற்றைத் திறந்து மூடும் பாயிண்டைக் கழற்றி அதற்குப் பதில் எலக்ட்ரானிக் கிட் பொருத்திவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் தேய்மானத்தைப் பற்றிக் கவலையே வேண்டாமாம். பாதி உண்மை, அதனால்தான் எளிதில் நம்பிவிடுகிறார்கள்.

இந்த டிரக்குகள் பலவற்றில் உள்ள 350 வி8 எஞ்சினில், டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்தால் தண்டு பக்கவாட்டில் ஆடும். பாயிண்ட் இடைவெளி நிலையாக நிற்காது. கிட் குறைப்பது இந்த ஒரு தொல்லையைத்தான். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டோடு இணையும் பல்சக்கரமும், வேகம் ஏறும்போது தீப்பொறியை முன்கூட்டி வரவைக்கும் அட்வான்ஸ் எடைகளின் ஊசிகளும் அதன்பின்னும் தேய்ந்துகொண்டேதான் இருக்கும்.

காசு செலவழிக்கும் முன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து தண்டைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். தெளிவாக ஆடினால் புஷ் போய்விட்டது. தண்டின் உச்சியில் உள்ள ரோட்டரைச் சற்றுத் திருகி விட்டால் ஸ்பிரிங் இழுத்துச் சட்டென்று திரும்ப வேண்டும்; மந்தமாகத் திரும்பினால் எடைகள் சிக்குகின்றன. பாயிண்ட் உள்ள வண்டியில் வேக்குவம் குழாயைக் கழற்றி, டுவெல்லை (பாயிண்ட் மூடியிருக்கும் சுழற்சிக் கோணம்) 30 டிகிரிக்கு வைத்து எஞ்சின் வேகத்தை ஏற்றுங்கள். டுவெல் மீட்டரின் முள் 3 டிகிரிக்கு மேல் நகர்ந்தால் தேய்மானம் உறுதி என்றே கொள்ளலாம்.

இந்த எஞ்சினில் ஆயில் பம்பைச் சுழற்றுவதும் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டுதான். வீம்புக்குப் பெரிய பம்ப் மாட்டினால் சுமை அந்தப் பல்சக்கரத்தின் தலையில்தான் விழும். எஃகு ரோலர் கேம் ஷாஃப்ட் போட்டவர்கள் அதற்கு ஒத்த பல்சக்கரத்தையும் போட வேண்டும். தண்டில் பாயிண்டைத் திறக்கும் கேமில் கிரீஸ் ஒரு பொட்டு போதும். அள்ளி அப்பினால் பாயிண்டில் தெறித்துக் கருகும்.