முகநூலில் திருத்தினால் முதல் வடிவம் அழிந்துவிடுமா?

முகநூலில் ஒரு பதிவைத் திருத்தியதும் பழைய வடிவம் அழிந்துவிடுவதால், கல்லூரி மாணவர்கள் தம் எழுத்தைச் செப்பனிட்ட விதத்தை ஆசிரியர் அறிய வழியில்லை என்று அன்பர் ஒருவர் குறிப்பிட்டுள்ளார். அக்கறையோடு சொல்லப்பட்ட கருத்துத்தான்; ஆயினும் தகவல் சரியன்று. திருத்தப்பட்ட பதிவின் முந்தைய வடிவங்களை முகநூல் பேணி வைக்கிறது. பதிவைக் காணக்கூடிய எவரும் அவற்றையும் காணலாம்.

யாரும் இதைத் தாமே சோதிக்கலாம். "கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் கரை சேர்ந்தது" என்று பதிவிட்டு, பின்னர் "சேர்ந்தன" என மாற்றுங்கள். பதிவின் மேல்மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, திருத்த வரலாற்றைக் காட்டும் தெரிவைத் திறந்தால், இரு வடிவங்களும் நேரக் குறிப்புடன் தோன்றும். பதிவையே நீக்கினால் மட்டும் வரலாறும் உடன் மறையும்.

திருகோணமலையில் மாணவருக்கு எழுத்துப் பயிற்சி அளிக்கும் எனக்கு இவ்வசதி மிகவும் பெறுமதியானது. ஒருமை பன்மை மயக்கத்தை மாணவி ஒருவர் தாமாகவே கண்டு திருத்தியிருப்பதை, இறுதி வடிவத்தை மட்டும் வாசிக்கும் ஆசிரியர் எவ்வாறு அறிவார்? எக்ஸ் தளத்தில் நிலைமை வேறு. அங்கு திருத்தும் வசதியே கட்டணம் செலுத்துவோருக்கு மட்டும் உரியது.