‘இப்பவே சொல்ல முடியாதுண்ணே’

ஓடிக்கொண்டிருக்கும் கார் திடீரென்று ஆஃப் ஆகிறது என்று பட்டறைக்குப் போனால், "பம்ப் போயிருக்கு, மாத்திடலாம்" என்று அடித்துச் சொல்பவரைத்தான் நமக்குப் பிடிக்கிறது. "கிராங்க் சென்சாரா இருக்கலாம், பம்பா இருக்கலாம், வயரிங்காவும் இருக்கலாம், இப்பவே சொல்ல முடியாதுண்ணே" என்று இழுப்பவரை உடனே தொழில் தெரியாதவர் கணக்கில் எழுதிவிடுகிறோம். நான் இரண்டாமவர் கட்சி. ஆனால் சில நிபந்தனைகளோடு.

என்னுடையது பழைய பெட்ரோல் கார். நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றி டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கேட் போட்டால் ஏசியை ஓடவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அங்கேதான் முதலில் நின்றது. செல்ஃப் எடுக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. பானெட்டைத் திறந்து கொஞ்ச நேரம் ஆறவிட்டதும் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பியது. அப்புறம் மன்னார்குடிக்குப் போகும் வழியில், ஓடும்போதே ஒரு தடவை. பட்டறைக்குக் கொண்டுபோனால் மட்டும் பரம சாது. ஸ்கேனர் போட்டால் எரர் எதுவும் இல்லை.

மச்சான் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "ஸ்கேனரு போட்டும் கண்டுபிடிக்கலன்னா அவனுக்குப் பாக்கத் தெரியல மாப்ள."

ஸ்கேனர் மேல் இருக்கும் இந்த பக்தி எனக்குப் புரிவதில்லை. வண்டியின் ஈசியு, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், எதைக் குறித்து வைத்திருக்கிறதோ அதைத்தான் அது படித்துக் காட்டும். பல சாதாரண கார்களில் பெட்ரோல் அழுத்தத்தை அளக்க சென்சாரே கிடையாது, பம்ப் சோர்ந்துபோனால் ஈசியு நேரடியாக எப்படிச் சொல்லும்? எரர் கோடு (கோளாறு எண்) வந்தாலும் பாதி வேலைதான் முடிகிறது. பி0335 வந்தால், இன்ஜின் சுற்றுவதை ஈசியுவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு. கெட்டது சென்சாரா, வயரா, சாக்கெட்டில் பச்சை பூத்திருக்கிறதா என்று ஆள்தான் குனிந்து பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், பல கோளாறுகள் வெளியே ஒரே மாதிரி தெரிவது. கிராங்க் சென்சார் இன்ஜினை ஒட்டி உட்கார்ந்து சூட்டிலேயே கிடக்கிறது. பழசானால் சூடு ஏறியதும் சிக்னல் அறுந்துபோகும். சிக்னல் இல்லையென்றால் ஈசியு பெட்ரோலும் விடாது, ஸ்பார்க்கும் கொடுக்காது. ஆறினால் மறுபடி வேலை செய்யும். தேய்ந்துபோன பெட்ரோல் பம்பும் இதே நாடகத்தை ஆடும். டேங்குக்குள் பெட்ரோலில் முங்கிக் கிடந்துதான் அது குளிர்கிறது, அதனால் எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிறவர்களுக்குச் சீக்கிரம் தகராறு செய்யும். இன்ஜினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் பாடியில் கரி பிடித்திருந்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் நிற்கும், ஆனால் பெரும்பாலும் உடனே ஸ்டார்ட் ஆகிவிடும். போதாக்குறைக்கு நம் ஊர் எலி. சம்பா அறுத்து வயல் காலியானதும் வீட்டுப் பக்கம் வரும், பானெட்டுக்குள் கதகதப்பான இடம், கடிக்க வயர், வேறென்ன வேண்டும்!

ஆக, நின்றுபோன அந்தச் சில நிமிடத்தில் பார்த்தால்தான் உண்டு. சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி பம்ப் சத்தம் வருகிறதா? செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் (கிராங்க் சென்சார் சொல்லும் இன்ஜின் சுற்று) ஏறுகிறதா, பூஜ்யத்திலேயே நிற்கிறதா? பம்ப் சத்தம் வந்தாலும் சந்தேகம் தீரவில்லை என்றால் கேஜ் மாட்டி பெட்ரோல் அழுத்தம் பார்க்கலாம். இந்த வகை இன்ஜின்களில் சுமார் 3 ‘பார்’ அழுத்தம் இருக்க வேண்டும்.

"திரும்ப நின்னா அங்கேருந்தே போன் பண்ணுங்கண்ணே" என்றார் மெக்கானிக். இதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஓடும்போது இன்ஜின் நின்றால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக்கை ஓரிரு தடவை மிதித்ததும் அதை லேசாக்கும் வேக்கமும் தீர்ந்துவிடும். பாமணியாற்றங்கரை ரோட்டில், தடுப்புச் சுவர் இல்லாத வளைவில் இந்தப் பரிசோதனைக்கு நான் தயாரில்லை. "வண்டி இங்கேயே கிடக்கட்டும் தம்பி, உன் கண்ணு முன்னாடி நிக்கட்டும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஏசியைப் போட்டு ஐடிலில் ஓடவிட்டுக்கொண்டே வேறு வண்டிகளைப் பார்த்திருக்கிறார். மறுநாள் மதிய வெயிலில் நின்றது. பம்ப் சத்தம் இருந்தது, ஆர்பிஎம் பூஜ்யம், வயரும் சாக்கெட்டும் சுத்தம். சென்சாரை மாற்றினார். அப்போதுகூட, "இப்போதைக்கு இதுதாண்ணே, திரும்ப வந்தா வயரிங்கைப் பிரிச்சுப் பாக்கணும்" என்றுதான் சொன்னார்.

இப்படித் தயங்குகிற எல்லோரும் நல்லவர்கள் என்று நான் சொல்லவில்லை. "மாத்திப் பாப்போம்" என்று நம் காசில் ஒவ்வொன்றாக மாற்றுகிறவரும் தெரியாதவர்தான். எலக்ட்ரிக்கல் சாமானைக் கடையில் பெரும்பாலும் திருப்பி எடுக்கமாட்டார்கள் என்பதால் அவருடைய ஒவ்வொரு ஊகமும் நம் தலையில் விடியும். "இது இல்லன்னா அடுத்து என்ன பாப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் இன்னொரு பார்ட்டின் பெயரைச் சொல்வார். இன்னொருவர், "ஹாரன் ரிலேயும் பம்ப் ரிலேயும் ஒரே மாதிரிதான், கழட்டி மாத்திப் போட்டுப் பாக்கறேன்" என்பார். செலவில்லாமல் சோதித்துப் பார்க்கிற இந்த இரண்டாமவரிடம் வண்டியை விடலாம்.

பில்லைப் பார்த்தேன். சென்சார் விலை, அதை மாட்டின கூலி, அவ்வளவுதான். இரண்டு நாள் கவனித்ததற்கு ஒரு ரூபாய் இல்லை. கேட்டால், "பாத்ததுக்கெல்லாம் எப்படிண்ணே காசு வாங்கறது?" என்கிறார். டப்பாவோடு வரும் பார்ட்டுக்கு வாய் பேசாமல் கொடுக்கிறோம், மூளைக்குக் கேட்டால் சண்டைக்குப் போகிறோம். அப்படியிருக்க, பார்ட்டை மாற்றித்தானே அவர்கள் பிழைக்க முடியும்?

கூடுதலாகக் கொடுத்ததில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார். கோளாறு பார்க்க இவ்வளவு கூலி என்று பட்டறையில் எழுதியே மாட்டச் சொல்லியிருக்கிறேன். யோசிக்கிறார். "எழுதிப் போட்டா எல்லாரும் பக்கத்துப் பட்டறைக்குப் போயிடுவாங்கண்ணே" என்கிறார்.