ராஸ்-ஆன்-வை: ரயிலும் இல்லை, பாலமும் இல்லை

இங்கிலாந்தில் வை ஆற்றங்கரை ஊரான ராஸ்-ஆன்-வைக்கும், அதே ஆற்றின் இரு கரைகளிலும் உள்ள சிமண்ட்ஸ் யாட் கிராமத்துக்கும் போவது பற்றி, "ராஸ் வரை ரயில், பிறகு சிமண்ட்ஸ் யாட்டில் காரிலேயே அக்கரை போய்விடலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டும் தவறு. ராஸுக்கு 1964-லேயே ரயில் நின்றுவிட்டது. ஹெரிஃபோர்டு அல்லது குளோஸ்டரில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும்.

சிமண்ட்ஸ் யாட் கிழக்கும் மேற்கும் எதிரெதிர்க் கரைகள். இடையே வாகனப் பாலம் கிடையாது. காரில் போனால் சில மைல் சுற்று. (வரைபடத்தில் கூப்பிடு தூரம்தான், அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள்!) நடந்து வருபவர்களுக்குப் படகு உண்டு: ஆற்றின் மேலே கட்டிய கயிற்றைப் படகோட்டி கையால் இழுத்தே அக்கரை சேர்ப்பார். மழைக்குப் பின் வை ஆறு பெருகினால் அதுவும் ஓடாது, கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிக்ரின் வல்லூறு பார்க்க வேண்டுமானால் கிழக்குக் கரைக்கு மேலுள்ள யாட் பாறைக்கு ஏறுங்கள், இருநோக்கியோடு. கூடு கட்டும் பருவம் வசந்தம்.