ஹிசார்லிக் மேட்டில் இழந்துபோன அடுக்குகள்

சென்ற மாதம் துருக்கியில், ட்ராய் என்று உலகம் அறிந்திருக்கும் ஹிசார்லிக் மேட்டில் ஒரு முற்பகல் முழுவதும் இருந்தேன். சுற்றிலும் வயல்கள், ஓயாத காற்று. பச்சைச் செங்கல் வீடு இடிந்தாலோ எரிந்தாலோ இடிபாட்டை நிரவிவிட்டு அதன்மேலேயே அடுத்த தலைமுறை சுவர் எழுப்பியதால், கி.மு. 3000 அளவில் தொடங்கி ரோமர் காலம் வரை ஒன்பது பெரிய குடியிருப்பு அடுக்குகள் இங்கே ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. வெட்டிய மண்சுவரில் அடுக்குகளின் எண்களைச் சிறு பலகைகளில் எழுதிப் பொருத்தியிருக்கிறார்கள். அருகில் குனிந்து பார்த்தபோது, மஞ்சள் மண்ணுக்கு இடையே விரற்கடை அகலத்தில் ஒரு கரிக்கோடு ஓடியது. அதற்குச் சற்றுமேலே ஒரு பானை ஓட்டின் விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் சமைத்த பானை.

சில எட்டு தள்ளி, ஜெர்மானியரான ஹைன்ரிக் ஷ்லீமான் 1870களில் மேட்டை ஊடறுத்து வெட்டிய பெரிய அகழி வாய்பிளந்து கிடக்கிறது. கிரேக்கக் கவி ஹோமர் ட்ரோஜன் போர்க் காவியத்தில் பாடிய நகரம் அடியில்தான் இருக்கும் என்று நம்பி, குறுக்கே வந்த பிற்காலச் சுவர்களை அவர் பெயர்த்தெறிந்தார். 1873இல் தங்க நகைகள் கிடைத்ததும் அது காவியத்தில் வரும் ட்ராய் அரசன் பிரியமின் புதையல் என்று அறிவித்தார். அது கீழிருந்து இரண்டாம் அடுக்கைச் சேர்ந்தது; ட்ரோஜன் போர் நடந்ததாகக் கருதப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தையது. போரோடு பொருத்திப் பேசப்படும் ஆறாம், ஏழாம் அடுக்குகள் மேலே இருந்தவை. மேட்டின் உச்சியை கிரேக்கத் தெய்வம் அதீனாவின் கோயிலுக்காகப் பழங்காலத்திலேயே சமன்செய்துவிட்டார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அவர்கள் ஆய்வாளர்கள் என்று சொல்லிக்கொண்டு வரவில்லை.

காவியத்தை நேசிப்பதில் பிழையில்லை. எந்த அடுக்கு வேண்டும் என்று முன்பே முடிவுசெய்துகொண்டு மண்வெட்டியை எடுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒருமுறை கலைத்த மண்ணை மறுபடி அடுக்க யாராலும் இயலாது. நம்மிடமும் இந்த மனப்போக்கு உண்டு: கீழடி என்றதும் எவ்வளவு பழமை என்றுதான் முதலில் கேட்கிறோம், மேலடுக்கில் வாழ்ந்தவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 1876இல் ஆதிச்சநல்லூரைத் தோண்டிய ஜெர்மானியர் யாகோர் பொருள்களை பெர்லினுக்குக் கொண்டுபோனார். ஷ்லீமானின் தங்கமும் அதே நகரத்துக்குத்தான் போய், 1945இல் சோவியத் படைகளால் மாஸ்கோவுக்குப் போயிற்று.

பின்னால் வந்த அகழாய்வாளர்கள் மேட்டில் சில இடங்களைத் தொடாமல் விட்டுவைத்திருக்கிறார்கள். அப்படி ஒன்றின் எதிரே வெகுநேரம் நின்றேன். தலையில் காய்ந்த புல், பக்கவாட்டில் எறும்புகள் குடைந்த துளைகள், உள்ளே இன்னும் யாரும் திறந்து பார்க்காத வீடுகள்.