சந்திர கிரகணத்தில் நச்சுக்கதிர் இல்லை
சந்திர கிரகணத்தின்போது நச்சுக்கதிர்கள் இறங்கி உணவைக் கெடுக்கும், கர்ப்பிணிகள் தண்ணீர்கூட அருந்தக்கூடாது என்று பினாங்குத் தமிழ்க் குடும்பங்களின் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் பரவும் செய்தி தவறானது. நிலாவுக்குச் சொந்த ஒளி இல்லை. பூமியின் நிழலுக்குள் அது முழுவதும் நுழைந்தபின், நம் வளிமண்டலம் நீல ஒளியைச் சிதறடித்துவிட்டு வளைத்து அனுப்பும் செந்நிற ஒளியே அதன்மேல் பட்டுத் திரும்புவதால், வழக்கமான பௌர்ணமியைவிட மிகக் குறைந்த வெளிச்சமே நம்மை வந்தடைகிறது. 2025 செப்டம்பர் 8 அதிகாலை 1:30 முதல் 2:52 வரை மலேசியாவில் நீடித்த முழுக் கிரகணமும் அத்தகையதே. அதை வெறுங்கண்ணால் பார்க்கலாம். கண்ணுக்குக் காப்பு வேண்டுவது சூரிய கிரகணத்துக்குத்தான். கோயில் நடை சாத்துவதும் கிரகணம் விட்டபின் தலைமுழுகுவதும் அவரவர் நம்பிக்கை, அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் இவ்வூர் வெக்கையில் ஒரு கர்ப்பிணியைத் தாகத்தோடு அறைக்குள் அடைத்துவைப்பதுதான் உண்மையான ஆபத்து.